தண்ணீர் கேட்காத மரம்

1

போன வாரம் வியாழக்கிழமையோடு நாங்கள் அமெரிக்கா வந்து இருபத்திரண்டு வருஷம் முடிந்தது. வருஷா வருஷம் அந்தத் தேதியில் நான் சேமியா பாயசம் வைப்பேன். வந்திறங்கிய அன்று சான் ஹோசேயில் ஒரு நண்பர் வீட்டில் எங்களுக்குப் போட்ட முதல் சாப்பாட்டில் சேமியா பாயசம் இருந்தது, அதனால்தான். என் கணவர் ரகு ஒவ்வொரு தடவையும் "சர்க்கரை ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு இரண்டு கிண்ணம் சாப்பிடுவார். இந்தத் தடவை முதல் கிண்ணத்தையே முடிக்கவில்லை. ஸ்பூனைக் கையில் பிடித்தபடி, "நாளைக்குக் காலையில பத்து மணிக்குத்தானே வராங்க?" என்றார்.

வரப்போகிறவர் எங்கள் எச்ஓஏவின் ஆள். எச்ஓஏ என்பது இங்கே கலிபோர்னியாவின் டப்ளினில் எங்கள் மாதிரிக் குடியிருப்புகளை ஆட்டிவைக்கும் வீட்டு உரிமையாளர் சங்கம். வீடு நம்முடையதுதான், கடனும் நம்முடையதுதான். ஆனால் வெளிச்சுவருக்கு என்ன நிறம், குப்பைத் தொட்டி எத்தனை மணிக்குள் உள்ளே போகவேண்டும், தெருப் பக்கம் என்ன மரம் என்பதெல்லாம் அவர்கள் சொல்வதுதான். பொங்கலுக்குக் கட்டிய மாவிலைத் தோரணம் காய்ந்து தொங்கியதற்கு ஒருமுறை எங்களுக்குக் கடிதம் வந்தது. அதில் மாவிலையை 'அலங்காரக் கழிவு' என்று எழுதியிருந்தார்கள். நான் அதை என் அண்ணனுக்கு அனுப்ப, அவன் மாம்பலத்தில் பாதிப் பேருக்கு வாசித்துக் காட்டிவிட்டான்.

இந்தத் தடவை அவர்கள் வருவது ஒரு மரத்தைப் பார்க்க. எங்கள் வீடு தெரு முனையில் இருக்கிறது. பக்கவாட்டில் சரிவாக ஒரு மண்மேடு, அந்தச் சரிவின் கோடியில் ஒரு பைன் மரம். மரம் என்று சொல்வது மரியாதைக்குத்தான், என் முழங்காலுக்குச் சற்று மேலே வரும். அது நல்லபடியாக உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இல்லையென்றால் பிடுங்கிவிட்டு அவர்கள் பட்டியலில் உள்ள வேறு மரத்தை வைக்கவேண்டும்.

இதற்கா இவ்வளவு படபடப்பு என்று கேட்பீர்கள். அந்த மரத்தை நட்டவள் எங்கள் மகள் மித்ரா. பதினோரு மாதமாக அவளும் அவள் அப்பாவும் நேருக்கு நேர் சரியாகப் பேசிக்கொள்வதில்லை. அந்த மரம் போனால் இரண்டு பேருக்கும் நடுவில் மிச்சமிருக்கும் ஒரே விஷயமும் போய்விடும் என்று எனக்குப் பயம். அதைவிடப் பெரிய சங்கடம், அந்த மரத்தைச் சாகடிக்கப் பார்த்தவள் நானே.

2

மித்ரா இங்கேயே பிறந்தவள். தமிழ் நன்றாகப் புரியும், பதில் ஆங்கிலத்தில் வரும், கோபம் வந்தால் இரண்டும் கலந்து வரும். வடக்கே ஐந்து மணி நேர டிரைவில் ஒரு கடலோர ஊரில் காலேஜ். கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்த்து ஒரு வருஷம் ஓடியது. போன வருஷம் நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் லீவுக்கு வந்தவள், ரகு தோசை வார்த்துக்கொண்டிருக்கும்போது சமையலறை மேடையில் ஏறி உட்கார்ந்து, "அப்பா, நான் மேஜர் மாத்திட்டேன். ஃபாரஸ்ட்ரி" என்றாள். கம்ப்யூட்டரை விட்டு வனவியல் படிப்பு. மாத்தப்போறேன் இல்லை, மாத்திட்டேன்.

"காட்டுல போய் என்னம்மா பண்ணுவே?" என்று சிரித்துக்கொண்டேதான் ரகு ஆரம்பித்தார். அரை மணி நேரத்தில் அது "இதுக்கா நான் இந்த ஊருக்கு வந்தேன்?" என்பதில் வந்து நின்றது. மித்ரா மேடையிலிருந்து இறங்கினாள். "ஐ டிடின்ட் ஆஸ்க் யூ டு கம்" என்றாள். நான் வரச்சொன்னேனா என்று அர்த்தம். அடுப்பிலிருந்த தோசை கருகி, புகை அலாரம் கத்தி, மூன்று பேரும் ஆளுக்கொரு துணியை வைத்து அதை விசிறினோம். அலாரம் நின்றது. பேச்சும் அதோடு நின்றது.

அதற்கப்புறம் என் வேலை ஆரம்பித்தது. "அம்மா, டெல் அப்பா" என்று அவள் சொல்வாள். "அவகிட்ட சொல்லு" என்று இவர் சொல்வார். நடுவில் நான் கொஞ்சம் சர்க்கரை போட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பேன். "டயர்ல காத்து இருக்கான்னு பாக்கச் சொல்லு" என்று இவர் சொன்னால், "அப்பாவுக்கு உன் நெனப்பாவே இருக்குடி, கார் டயர் வரைக்கும் கவலைப்படறார்" என்று சொல்வேன். அவள் "ஓகே" என்றதை, "ரொம்ப சந்தோஷப்பட்டா" என்று இவரிடம் சொல்வேன். சென்னையிலிருந்து யாராவது பெண் என்ன படிக்கிறாள் என்று கேட்டால், ரகு "என்விரான்மென்டல் சைட்ல பண்றா" என்று மென்று விழுங்கிவிட்டு, அங்கே மழை எப்படி என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்.

அதே சமயம்தான் சரிவில் இருந்த பழைய மரம் தண்ணீரில்லாமல் பட்டுப்போய், எச்ஓஏ வேறு மரம் வைக்கச் சொல்லியிருந்தது. ரகு போன் பண்ணி, எங்கள் ஊர் ஆங்கிலத்தில், "தி ட்ரீ ஹேஸ் எக்ஸ்பயர்ட்" என்று, ஏதோ ஆள் காலமான துக்கத்தோடு சொல்ல, அந்தப் பக்கம் இருந்தவர் மறுபடி சொல்லச் சொன்னார். அவர்கள் அனுப்பிய பட்டியலில் இருந்தவை எல்லாம் அழகான மரங்கள், எல்லாவற்றுக்கும் சொட்டுநீர்க் குழாய் வேண்டும். சரிவில் குழாய் உடைந்து வருஷக்கணக்காகிறது.

மித்ரா ஊருக்குத் திரும்புவதற்குள் நான்கு பக்கம் விண்ணப்பம் எழுதினாள். சரிவின் வரைபடம், வீட்டிலிருந்து மரம் எவ்வளவு தள்ளி இருக்கும் என்ற அளவு, காட்டுத்தீ வந்தால் என்ன, விழும் காய் யார் தலையிலும் விழாமல் இருக்க என்ன என்று எல்லாவற்றுக்கும் பதில். அவள் கேட்டது கிரே பைன். இந்தக் கலிபோர்னியா மண்ணிலேயே பிறந்த மரம். எங்கள் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும் டயாப்லோ மலையில், காய்ந்த புல்லுக்கு நடுவில் சாம்பல் பச்சையாக அங்கங்கே நிற்குமே, அதுதான். ஆறு மாதம் ஒரு சொட்டு மழை இல்லாவிட்டாலும் அசையாது. "யாருமே அதுக்குத் தண்ணி ஊத்தறதில்லம்மா" என்று ஜன்னலில் விரலை வைத்துக் காட்டினாள்.

எச்ஓஏ அடுத்த அக்டோபரில் வந்து பார்ப்போம் என்ற நிபந்தனையோடு ஒத்துக்கொண்டது. வீடு ரகு பேரில் இருப்பதால் அவர் கையெழுத்து வேண்டும். காகிதத்தை நான்தான் நீட்டினேன். படித்துக்கூடப் பார்க்காமல் போட்டார். "அந்தக் குச்சியை எங்க வேணா நடட்டும்" என்றார். டிசம்பர் மழையில், சேற்றில் மண்டியிட்டு அவள் அதை நட்டபோது இவர் கராஜில் உட்கார்ந்து பழைய ஒயர்களைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார். அந்த ஒயர்கள் ஐந்து வருஷமாகப் பிரிபடாமல் கிடந்தவை.

போகும்போது மித்ரா ஃப்ரிட்ஜில் ஒரு காகிதம் ஒட்டிவிட்டுப் போனாள். முதல் கோடையில் மட்டும் மாதம் ஒரு தடவை, காலையில், மெதுவாக, தண்டுக்குத் தள்ளி ஊற்றலாம். அதற்கு மேல் கூடாது. சூடான மண்ணில் ஈரமும் சேர்ந்தால் வேர் அழுகிவிடும். 'நோ' என்பதற்குக் கீழே மூன்று கோடு போட்டிருந்தாள்.

3

இனி என் குற்றத்துக்கு வருகிறேன்.

நான் மேற்கு மாம்பலத்துப் பெண். லாரித் தண்ணீருக்கு நின்று வளர்ந்தவள். லாரி வரும் நாளில் எங்கள் வீட்டில் குடம், அண்டா, பக்கெட் எல்லாம் நிரம்பி, கடைசியில் பிரஷர் குக்கரிலும் தண்ணீர் பிடித்து வைப்போம். அப்புறம் சமைக்கக் குக்கர் இருக்காது. ரகு வில்லிவாக்கத்தில் மூன்றாவது மாடி. பள்ளிக்கூடம் போகும் முன் பன்னிரண்டு குடம் ஏற்றுவார். படிகளில் ஃபார்முலா சொல்லிக்கொண்டே ஏறினதில்தான் இன்ஜினியரிங் சீட் கிடைத்தது என்று அவர் சொல்வதை நான் பாதிதான் நம்புகிறேன்.

இப்படிப்பட்ட இரண்டு பேர் இந்த ஊருக்கு வந்து, குழாயைத் திறந்தால் இருபத்துநாலு மணி நேரமும் தண்ணீர் வருவதைப் பார்த்த அன்று, நான் குழாயை மூடவே மனசில்லாமல் கையை நனைத்துக்கொண்டு நின்றேன். இன்றைக்கும் அந்த நன்றி எனக்குத் தீரவில்லை. கூடவே பயமும் தீரவில்லை. ஷவரில் வெந்நீர் வரும்வரை ஓடும் பச்சைத் தண்ணீரை நாங்கள் பக்கெட்டில் பிடிப்போம். வறட்சிக் காலத்தில் இங்கே எல்லோரையும் அப்படிச் செய்யச் சொன்னார்கள். மழை வந்ததும் மற்றவர்கள் விட்டுவிட்டார்கள், எங்களால் விட முடியவில்லை. பிடித்த தண்ணீரை எதற்காவது ஊற்றியாக வேண்டுமே.

ஆரம்பம் பக்தியில்தான். வெள்ளிக்கிழமை சுவாமிக்கு அபிஷேகம் செய்த தண்ணீரைச் சிங்க்கில் கொட்ட எனக்குக் கை வராது. கால் படாத இடத்தில், ஒரு செடியடியில்தான் ஊற்றவேண்டும். என் துளசி வருஷா வருஷம் ஜனவரிக் குளிரில் போய்விடும். சரிவில் யார் காலும் படாது, அங்கே ஒரு செடியும் இருக்கிறது. ஒரு சொம்புதானே, அதுவும் சுவாமி தண்ணீர், அது எப்படிக் கெடுதல் செய்யும் என்று ஊற்றினேன். மே மாத வெயிலில் அரிசி களைந்த தண்ணீரும் போனது, அதில் சத்து இருக்கிறதே. ஜூனில் பக்கெட்டே போனது. ரகு ஆபீசுக்குக் கிளம்பியதும் தினம் காலையில் ஒரு பக்கெட்.

ஃப்ரிட்ஜில் காகிதம் இருந்தது, தினமும் அதைப் பார்த்துக்கொண்டே பால் எடுத்தேன். ஆனால் நூறு டிகிரி வெயிலில் ஒரு குட்டிச் செடி நிற்கிறது, என் கையில் தண்ணீர் இருக்கிறது. என்ன படித்தாலும் இவள் சின்னப் பெண்தானே, இவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். அதைத்தான் நான் நினைத்தேன், ஒளிப்பானேன். அவள் படிப்பை மதிக்கவில்லை என்று ரகுவை மட்டும் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

4

ஜூலையில் ஊசியிலைகள் மஞ்சளாகின. தாகத்தில் வாடுகிறது என்று நினைத்து இன்னொரு அரைப் பக்கெட் சேர்த்தேன். இன்னும் மஞ்சளானது. கிட்டே போனால் மண்ணில் ஊறவைத்து மறந்த பருப்பு வாசனை வந்தது.

மித்ரா அந்தக் கோடையில் சியரா மலைப் பக்கம் ஏதோ முகாமில் மரங்களை அளந்துகொண்டிருந்தாள். வாரம் ஒரு தடவை சிக்னல் வரும் இடத்துக்கு இறங்கிவந்து மெசேஜ் அனுப்புவாள். முதல் கேள்வி, "ஹவ்ஸ் மை ட்ரீ?" நான் குனிந்து, சாய்ந்து, பச்சையாக இருக்கும் பக்கத்திலிருந்து படம் எடுத்து அனுப்புவேன். அவள் ஒரு இதயம் அனுப்புவாள். அந்த இதயத்தைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். பெற்ற பெண்ணிடம் பொய் சொல்கிறோம், அதுவும் படம் பிடித்துப் பொய் சொல்கிறோம் என்று இருக்கும்.

ரகு அந்த மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரே ஒரு நாள் மட்டும், கையைத் துடைத்துக்கொண்டே, "வெயில் ஜாஸ்தியா இருக்கு இல்ல?" என்றார். ஏதோ பேசவேண்டுமே என்று பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

5

ஆகஸ்ட் கடைசியில் மித்ரா மூன்று நாள் வந்தாள். காரை நிறுத்தியவள் வீட்டுக்குள் வரவில்லை, நேரே சரிவுக்குப் போனாள். நான் துடைப்பத்தைப் போட்டுவிட்டுப் பின்னால் ஓடினேன்.

மரம் அப்போது ஒரு பக்கம் முழுக்கப் பழுப்பு. நுனி தொங்கியிருந்தது. அவள் மண்டியிட்டு, விரலை மண்ணுக்குள் விட்டு, ஒரு பிடி எடுத்து உருட்டினாள். ஆகஸ்ட் மாதக் கலிபோர்னியாவில், குழாயில்லாத சரிவில், அந்த மண் கொழுக்கட்டை மாவு போலத் திரண்டு வந்தது.

"அம்மா, எல்லா போட்டோவும் ஏன் ஒரே சைட்லேர்ந்து எடுத்தே?"

நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வெள்ளிக்கிழமைச் சொம்பு, அரிசித் தண்ணீர், பக்கெட், அரைப் பக்கெட். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தலையை ஆட்டி ஆட்டி மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நோ, நோ. நீ சொல்ற தண்ணிக்கு இவ்வளவு ஆகாது. இட்ஸ் எ ஸ்வாம்ப், வெறும் சேறு. வேற யாரோ ஊத்தறாங்க."

"வேற யாருடி ஊத்தப் போறா?"

கராஜ் கதவு திறந்திருந்தது. ரகு அங்கேதான் நின்றுகொண்டிருந்தார், எவ்வளவு நேரமாகவோ. மெதுவாக வந்து சரிவின் மேல் நின்றார்.

"நானும் ஊத்தினேன்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாயங்காலம் நான் பக்கத்துத் தெரு லட்சுமி ஆன்ட்டியோடு வாக்கிங் போகும் நேரத்தில், மாடி பாத்ரூம் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு இறங்குவாராம். பதினேழு படி. ஜூனிலிருந்து.

மித்ரா அவரை நிமிர்ந்து பார்த்தாள். ஒன்பது மாதத்தில் முதல் தடவையாக அவரிடம் நேராகக் கேட்டாள். "எத்தனை பக்கெட்?"

"ரெண்டு. வெயில் ஜாஸ்தியா இருந்தா மூணு."

"பட் யூ ஹேட் திஸ் ட்ரீ."

"மரத்து மேல எனக்கென்னம்மா கோபம்?" என்றார் ரகு. மரத்தைப் பார்த்துக்கொண்டே, "நீ நட்டது. காஞ்சுபோயிடக் கூடாதுன்னு பாத்தேன். எனக்கு வேற என்ன செய்யத் தெரியும்?" என்றார்.

மித்ரா சிரித்தாள். நன்றாகச் சிரித்தாள். அப்புறம் அப்படியே சரிவில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள், ஏனென்றால் மரம் பிழைக்குமா என்பது அவளுக்கே தெரியவில்லை. நானும் அழுதேன். இவர் மட்டும் எங்களைப் பார்த்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் கராஜுக்குப் போய் மண்வெட்டியை எடுத்துவந்தார்.

அன்று சாயங்காலம் வரை தோண்டினோம். தண்டைச் சுற்றிக் குவிந்திருந்த சகதியை அவள் கையாலேயே விலக்கினாள். தண்ணீர் வடிய சரிவோடு ஒரு சின்ன வாய்க்கால் வெட்டவேண்டும் என்றாள். ரகு வெட்டினார். "இன்னும் லெஃப்ட்", "இவ்வளவு ஆழம் வேண்டாம்" என்று அவள் சொல்லச் சொல்ல, மறுபேச்சில்லாமல் வெட்டினார். அன்றே எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் ஆகவில்லை. மூன்றாம் நாள் காரில் ஏறும்போது, அவர் கையெட்டும் தூரத்தில் நிற்கிறார், இவள் என்னிடம்தான் சொல்கிறாள்: "அம்மா, அப்பாகிட்ட சொல்லு. மழை வர்ற வரைக்கும் ஒரு ட்ராப் கூடக் கூடாது." அவரும் என்னிடம்தான் சொன்னார்: "பாத்து டிரைவ் பண்ணச் சொல்லு."

பழகிப்போன வழியில் போய்விட்டார்கள். நேரே பேசினால் அந்தத் தோசை நாள் திரும்ப வந்துவிடுமோ என்று இரண்டு பேருக்குமே பயம் என்று எனக்குப் பட்டது.

6

செப்டம்பர் முழுவதும் சும்மா இருந்தோம். அதைப்போலக் கஷ்டமான வேலையை நான் செய்ததில்லை. நூற்றைந்து டிகிரி வரை போனது. இலைகள் உதிர்ந்துகொண்டே இருந்தன. மாடி பக்கெட் டாய்லெட்டுக்குப் போனது, சுவாமி தண்ணீரை லட்சுமி ஆன்ட்டி வீட்டு எலுமிச்சைக்குக் கொண்டுபோனேன். ஒரு நாள் மனசு கேட்காமல் அரைச் சொம்பு எடுத்துக்கொண்டு பின்கதவைத் திறந்தேன். ரகு வெளியே சரிவின் மேல் கையைக் கட்டிக்கொண்டு காவல் நிற்கிறார்.

"உள்ள போ" என்றார்.

"நீங்க இங்க என்ன பண்றீங்க?"

"உன்னைத்தான் பாத்துட்டிருக்கேன்."

அவருடைய லேப்டாப்பில் அந்த மாதம் திறந்திருந்ததெல்லாம் பைன் மரக் கட்டுரைகள். ஆபீசில் சிப் வடிவமைப்பில் தப்பு கண்டுபிடிக்கும் மனிதர், வேர் பற்றிக் குறிப்பெடுத்தார். சந்தேகம் வந்தால் என்னிடம், "நுனி செத்துப்போனா பக்கக் கிளை மேல வருமான்னு அவகிட்ட கேளு" என்பார். நான் டைப் செய்து அனுப்புவேன். அவள் பதில் நீளமாக வரும், படம் எல்லாம் போட்டு வரும். எனக்கு எழுதும் மெசேஜில் இதுவரை அவள் நான்கு வரியைத் தாண்டியதில்லை. அது எனக்கு எழுதியது இல்லை என்று எனக்குத் தெரியாதா என்ன.

7

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குச் சரியாக எச்ஓஏவிலிருந்து ஒரு அம்மாள் வந்தார். காரெல் என்று பெயர் சொன்னார், அறுபது வயதிருக்கும், கையில் ஒரு டேப்லட். ரகு காலை மீட்டிங்கைத் தள்ளிவைத்துவிட்டு, இன்டர்வியூவுக்குப் போகிறவர் மாதிரி சட்டையை இன் பண்ணிக்கொண்டு நின்றார். நான் சரிவுக்குக் கீழே நடைபாதையில் நின்றேன்.

காரெல் மரத்தைப் பார்த்தார். முக்கால்வாசி பழுப்பு, நுனி காய்ந்து சுருண்டிருந்தது. பார்த்ததுமே அவர் முகம் துக்கம் விசாரிக்க வந்தவர் முகமாகிவிட்டது. இது போய்விட்டது என்று நினைக்கிறேன், மன்னிக்கவும், என்று சொல்லி டேப்லட்டில் தட்டப் போனார்.

"ஒன் மினிட், ப்ளீஸ்" என்றார் ரகு.

பேன்ட்டோடு மண்ணில் மண்டியிட்டார். பக்கத்துக் கிளை ஒன்றைப் பிடித்து, கட்டைவிரல் நகத்தால் பட்டையை மெல்லச் சுரண்டினார். உள்ளே ஈரப் பச்சை. கிளையின் நுனியில் அரிசி மணி அளவில் ஒரு மொட்டு, அழுத்திக் காட்டினார், கெட்டியாக இருந்தது. இந்தக் கிளை இனிமேல் நிமிர்ந்து நடுத்தண்டாகும், கோணலாக, இரண்டாகப் பிரிந்து வளர்வதுதான் இந்த மரத்தின் குணம், வசந்தத்தில் வந்து பாருங்கள் என்றார். ஆபீசில் பேசும் ஆங்கிலத்தில், ஒவ்வொரு பாயிண்டாகச் சொன்னார்.

காரெல் குனிந்து பார்த்தார். நீங்கள் மரம் பற்றிப் படித்தவரா என்று கேட்டார்.

"நோ, மேடம். ஐ டெஸ்ட் சிப்ஸ்" என்றார் ரகு. "என் பொண்ணு ஃபாரஸ்ட்ரி ஸ்டூடன்ட். அவதான் இதை நட்டா. தண்ணி ஊத்தாதீங்கன்னு எழுதி வச்சிட்டுப் போனா. நாங்கதான் கேக்கல. ஷீ வாஸ் ரைட். வி வேர் ராங்."

இதை அவர் ஆங்கிலத்தில்தான் சொன்னார். எனக்குத் தமிழில் கேட்டதுபோல இருக்கிறது, அதனால் இப்படி எழுதுகிறேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் 'வி வேர் ராங்' என்பதை நான் அவர் வாயால் கேட்டதில்லை. 'ஐ' என்று சொல்லியிருக்கலாம், போகட்டும், பாதித் தப்பு என்னுடையதுதானே.

காரெல் சிரித்துவிட்டார். வழக்கமாக எல்லோரும் தாங்கள் ஒன்றுமே செய்யவில்லை என்றுதான் வாதாடுவார்கள், நீங்கள்தான் முதல் தடவையாக ஒப்புக்கொள்கிறீர்கள் என்றார். டேப்லட்டில் ஏதோ மாற்றினார். மே மாதம் திரும்ப வருகிறேன், அதுவரை இது இங்கேயே இருக்கட்டும் என்றார். போகும்போது, உங்கள் மகளுக்கு என் வாழ்த்துகளைச் சொல்லுங்கள் என்று ரகுவிடம் சொன்னார். எச்ஓஏவைப் பற்றி நான் இதுவரை சொன்ன பொல்லாப்பு எல்லாவற்றையும் அந்த ஒரு நிமிஷத்தில் மனசுக்குள் வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

நான் உடனே போனை எடுத்தேன். எப்படிச் சொல்வது, எவ்வளவு சர்க்கரை போடுவது என்று மனசுக்குள் வாக்கியம் கட்ட ஆரம்பித்துவிட்டேன். ரகு கையைக் காட்டி என்னை நிறுத்தினார். அவர் போனை அவரே எடுத்தார். பேன்ட்டில் மண், நகத்தில் மண், அப்படியே டயல் செய்தார்.

"மித்ரா, அப்பா பேசறேன்" என்றார், அவளுக்கு அது தெரியாதது போல.

மே வரைக்கும் டைம் கொடுத்ததைச் சொன்னார். அந்தப் பக்கம் அவள் போட்ட கூச்சல் எனக்கே கேட்டது. அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, "அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா" என்றார். அவள் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை, அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு "சரி, சரி" என்றது மட்டும் கேட்டது. பிறகு அந்த மொட்டின் அளவைச் சொன்னார். வாய்க்காலை மழைக்கு முன்னால் மூடவேண்டுமா என்று கேட்டார். எந்த வகுப்பில் இதெல்லாம் சொல்லித்தருகிறார்கள் என்று கேட்டார். அவள் சொல்லிக்கொண்டே போக, இவர் சரிவில் மேலும் கீழும் நடந்துகொண்டே கேட்டார்.

நான் நடைபாதையில் நின்றேன். கூப்பிடுவார்கள் என்று கொஞ்ச நேரம், அப்புறம் சும்மா. நாற்பது நிமிஷம் பேசினார்கள். அம்மாகிட்ட குடு என்று அவளும் கேட்கவில்லை, இந்தா பேசு என்று இவரும் நீட்டவில்லை. இரண்டு பேருக்கும் நான் ஒரு வார்த்தைக்குக்கூடத் தேவைப்படாத அந்த நாற்பது நிமிஷத்துக்கு, எந்தத் தெய்வத்துக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல், தெரிந்த எல்லாத் தெய்வத்துக்கும் சொல்லிக்கொண்டு நின்றேன்.